வாத்தியார் பாதி, இசைத்தட்டு பாதி: ஸ்வென் ஆஸ்முஸன் ஜாஸ் வயலின் கற்ற வழி

கேள்வி இது: "டென்மார்க்கின் ஜாஸ் வயலின்காரர் ஸ்வென் ஆஸ்முஸன் தானாகவே கற்றுக்கொண்டவர் என்று ஓரிடத்தில் படித்தேன். 7 வயதிலேயே வாத்தியாரிடம் போனவர் என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எது சரி? சொல்லித்தர ஆள் இல்லாமல் ஜாஸ் வயலின் வருமா? போதாக்குறைக்கு மேடை, சினிமா என்று நடிகர் பட்டியலிலும் சேர்க்கிறார்கள். கொஞ்சம் விளக்குங்கள்."

இரண்டுமே சரி. வயலினைத் தோளில் வைக்கவும் வில்லை நேராக இழுக்கவும் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். ஜாஸைச் சொல்லித்தர அன்றைய கோபன்ஹேகனில் வாத்தியார் யாரும் கிடையாது. அதை அவர் கிராமபோன் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். 1916 பிப்ரவரி 28-இல் கோபன்ஹேகனில் பிறந்து, 7 வயதில் வயலின் தொடங்கி, 16 வயதில் அமெரிக்க வயலின்காரர் ஜோ வெனூட்டியின் இசைத்தட்டுகளைக் கேட்டார். 17 வயதில், அதாவது 1933-இல், காசு வாங்கி வாசிக்க ஆரம்பித்துவிட்டார். 1935-இல் தன் பெயரிலேயே தட்டு வெளியிட்டார். தட்டைக் கேட்டதற்கும் தட்டு போட்டதற்கும் இடையே மூன்று வருடம்தான். அதற்குள் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம் என்று எடுத்துக்கொள்கிறேன். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: எழுத்துப்படி வாசித்தால் 'ஸ்வெண்ட்' என்று வரும், டேனிஷ்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கி 'ஸ்வென்' என்பார்கள்.

முதலில் அந்தத் தட்டைப் பார்ப்போம். அரக்கில் செய்த 10 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். அதில் வயலின் தனித்து வரும் இடம் 16 அல்லது 32 பார். பார் என்பது நான்கு தாள அடி கொண்ட ஓர் அலகு, ஆகவே 32 பார் என்றால் 128 அடி. நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் அது 38 வினாடியில் தீர்ந்துவிடும். கற்றுக்கொள்ள வேண்டியது முழுவதும் அந்த 38 வினாடிக்குள் இருக்கிறது. திரும்பக் கேட்க ஊசியைத் தூக்கிக் கண்ணளவில் அதே பள்ளத்தில் இறக்க வேண்டும். இரும்பு ஊசி ஒரு பக்கம் ஓடியதும் மழுங்கிவிடும். மாற்றாமல் மறுபடி ஓட்டினால் தட்டைச் சுரண்டும். பாடம் எடுத்த தட்டு எது என்று பார்த்தாலே தெரியும்: தனி வாசிப்பு வரும் வட்டம் மட்டும் கறுப்பு போய்ச் சாம்பல் நிறமாக இருக்கும்.

வேகமான இடம் பிடிபடவில்லை என்றால் வேகத் திருகைக் குறைப்பார்கள். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சுற்று குறைந்தால் சுருதியும் இறங்கும். 78-ஐ 65 ஆக்கினால் சுருதி மூன்று அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இறங்குகிறது. பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே போகிறது. இறங்கிய சுருதியில் கேட்டதை மனத்தில் மேலேற்றி வாசிக்க வேண்டும். இன்னொரு தொல்லை, அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78-இல் பதிவானவை அல்ல. அதனால் பாட்டு பி ஃபிளாட், பி என்ற அடுத்தடுத்த இரண்டு மேற்கத்திய ஸ்வரங்களுக்கு நடுவில் தொங்கும். அப்போது வயலினைத்தான் தட்டுக்குச் சுருதி சேர்க்க வேண்டும், பியானோவுக்குச் சேர்த்துவிட்டுத் தட்டுடன் மல்லுக்கட்டினால் காது கெட்டுப்போகும்.

இன்று இதையே செய்ய விரும்புகிறவருக்குச் சுருதி இறங்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும் செயலிகள் இருக்கின்றன. கருவி மாறினாலும் செய்யும் வரிசை மாறவில்லை. முதலில் வயலினைத் தொடாமல் அந்த 38 வினாடியையும் வாயால் பாட வேண்டும், மூச்சு விடும் இடம் உட்பட. இரண்டாவது, அடியில் ஓடும் பேஸ் ஸ்வரங்களைத் தனியாகப் பாட வேண்டும். மூன்றாவதுதான் வயலின், அதுவும் 4 பார் 4 பாராக. கடைசியில் தட்டுடன் சேர்ந்து வாசித்து, யார் முந்துகிறார்கள் என்று பார்ப்பது. பெரும்பாலோர் இரண்டாவதைத் தாண்டிவிடுகிறார்கள். மேலே ஓடும் வரி மனப்பாடம் ஆகிவிடும், ஆனால் அது ஏன் அங்கே அப்படித் திரும்புகிறது என்று தெரியாது. அதே பாட்டில் சொந்தமாக ஒரு சுற்று வாசிக்கச் சொன்னால் விழிப்பார்கள். ஆஸ்முஸன் வயலினோடு நிற்கவில்லை, வைப்ரபோனும் வாசித்தார், பாடவும் பாடினார். வைப்ரபோன் உலோகக் கட்டைகளைப் பியானோ வரிசையில் அடுக்கிய வாத்தியம். அதில் கார்ட் என்பது, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, கண்ணுக்கு முன்னால் தெரியும். வயலினில் அது தெரியாது. அவருடைய வயலின் வரிகள் கார்ட் மாறும் இடத்தில் தடுமாறாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இனி வில். சாஸ்திரிய வயலின் கற்றவர் ஜாஸுக்கு வந்தால் முதலில் சறுக்குவது இடது கையில் இல்லை, வலது கையில்.

ஸ்விங் என்று சொல்கிற நடையை நம் காதுக்குப் புரிகிற மாதிரி சொன்னால்: ஒவ்வோர் அடியையும் திஸ்ரமாக, அதாவது மூன்றாகப் பிரித்து, 'தகிட' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தகி' முழுவதும் ஒரு ஸ்வரம், 'ட'வில் இன்னொரு ஸ்வரம். ஒன்று நீளம், ஒன்று குட்டை. பழகிய கை என்ன செய்யும்? அடி விழும் இடத்தில் வில்லைத் திருப்பும், 'தகி-ட' ஒரு வில், அடுத்த 'தகி-ட' ஒரு வில். அழுத்தம் அடியின் தலையில் விழும். கேட்பதற்கு நொண்டிக் குதிரை மாதிரி இருக்கும். ஜாஸ் வயலின்காரர்கள் வில்லை 'ட'வில் திருப்புகிறார்கள். முதல் 'தகி' மட்டும் தனி வில், கீழ்நோக்கி. அடுத்து 'ட'வும் அதைத் தொடரும் 'தகி'யும் ஒரே மேல்வில். அடுத்த 'ட-தகி' கீழ்வில். பாரின் கடைசி 'ட' கோட்டைத் தாண்டி அடுத்த பாரின் முதல் 'தகி'யோடு ஒட்டிக்கொள்ளும். வில் திரும்பும்போது இயல்பாக விழும் சின்ன அழுத்தம் இப்போது எதிரடியில் விழுகிறது. மிருதங்கமோ டிரம்ஸோ இல்லாமலே வரி துள்ளுகிறது என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

திஸ்ரம் என்றேன் என்பதற்காக அதைக் கணக்காக வாசித்துவிடக் கூடாது. நடுத்தர வேகத்தில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் ஏறக்குறையச் சரி. வேகம் ஏற ஏற அது சமமாகிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 200 அடியில் ஓர் அடி 0.3 வினாடி, அதை 0.2, 0.1 என்று கறாராகப் பிரித்து வாசித்தால் மாட்டுவண்டி மேடுபள்ளத்தில் போவது போல் குலுங்கும். அங்கே கிட்டத்தட்டச் சதுஸ்ரமாக, அதாவது இரண்டு ஸ்வரத்தையும் சம அளவில் வாசித்து, வில் திருப்பத்தால் மட்டும் ஆட்டத்தைக் காட்ட வேண்டும். வில்லின் நீளமும் அப்படித்தான். இந்த வேகத்துக்கு நடுவிலிருந்து நுனிப்பக்கமாக ஒரு சாண்கூட வேண்டாம், 5 முதல் 10 சென்டிமீட்டர் போதும். முழு வில்லையும் இழுக்கிறவர் பாதி பாரில் பின்தங்கிவிடுவார்.

வெனூட்டியின் ஒரு வித்தையைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் 1930-களில் ஜாஸ் வயலின் என்றாலே அவரைப் பின்பற்றுவதுதான். நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வார். தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் என்ற கட்டை வளைவாக இருப்பதால் சாதாரணமாக வில் இரண்டு தந்தியைத்தான் சேர்த்துத் தொடும், அழுத்தினால் ஒரு கணம் மூன்று. அவர் செய்தது: வில்லின் அடியில் இருக்கும் திருகை முழுவதும் கழற்றி, குதிரைமுடி கட்டிய கட்டையைக் குச்சியிலிருந்து பிரிப்பது, குச்சியை வயலினுக்குக் கீழே விட்டு, முடியை நான்கு தந்திக்கும் மேலே போர்த்துவது, பிரிந்த முனைகளை வலது கையால் சேர்த்துப் பிடித்து இழுப்பது. முடி பிரிட்ஜின் வளைவிலேயே வளைந்து படுத்துக்கொள்வதால் நான்கும் ஒலிக்கும், ஆர்மோனியம் மாதிரி மெத்தென்ற ஒலி. இதில் கெட்டுப்போவது மூன்று. முடியை இறுக்கிப் பிடித்தால் ஓரத் தந்திகள் கத்தும். தளர்த்திப் பிடித்தால் ஒலியே எழாது. திரும்ப மாட்டும்போது முடி முறுக்கிக்கொண்டால் அன்று மாலை முழுவதும் வில் ஒரு பக்கமாகத்தான் கடிக்கும். அதோடு கழற்றி மாட்ட நேரம் பிடிக்கும் என்பதால் அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் வேறு யாராவது வாசிக்கும்படி நிகழ்ச்சியை அமைக்க வேண்டும். முயன்று பார்க்க ஆசைப்பட்டால் பழைய வில்லில் பாருங்கள்.

ஆஸ்முஸன் வெனூட்டியோடு நின்றிருந்தால் இன்று அவரைப் பற்றிக் கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அடுத்து அவரைக் கவர்ந்தவர் அமெரிக்க ஜாஸ் வயலின்காரர் ஸ்டஃப் ஸ்மித். வெனூட்டியிடம் சாஸ்திரிய வயலினின் பளபளப்பு இருக்கும். ஸ்மித் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டவர். சில அங்குல வில், முரட்டு அடி, வயலினை டிரம்ஸ் மாதிரி கையாளும் வாசிப்பு. 1930-களின் நடுவிலேயே வயலினுக்கு மின் ஒலிபெருக்கி மாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். ஆஸ்முஸன் பிற்காலத்தில் ஸ்மித்தை டென்மார்க்கிலேயே சந்தித்துச் சேர்ந்து வாசித்தார். ஸ்மித் 1965-இல் ஐரோப்பாவுக்கே குடிவந்து, 1967-இல் ம்யூனிக்கில் இறந்து, டென்மார்க்கின் க்ளாக்ரிங் என்ற ஊரில் அடக்கமானார்.

ஒலிபெருக்கி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம்ஸும் சேர்ந்த குழுவில் வெறும் வயலின் கேட்காது. கேட்க வைக்க வேண்டும் என்று அழுத்தினால் ஒலி கரகரக்கும், சுருதி ஏறும், தோள் வலிக்கும். இன்று பிரிட்ஜில் செருகி அதிர்வை மின் ஒலியாக்கும் பியெஸோ பிக்கப் கிடைக்கிறது. அதிலும் பலர் தவறு செய்கிறார்கள். பியெஸோவை நேரே மிக்ஸரின் சாதாரண லைன் வாயிலில் சொருகினால் அந்த வாயிலின் மின்தடை சுமார் 10 கிலோ ஓம். பியெஸோவுக்கு வேண்டியது 1 மெகா ஓம் அளவில். விளைவு, அடி ஒலி செத்து, மேலே கீச்சென்ற ஒலி மட்டும் வரும். வயலின் மட்டம் என்று பழியைத் தூக்கி வயலின் மேல் போடுவார்கள். நடுவில் ஒரு ப்ரீஆம்ப், அதாவது முன்பெருக்கி, வைத்தால் தீர்ந்தது. ஊளை ஒலி கிளம்பினால் 270 – 290 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். வயலின் பெட்டிக்குள் இருக்கும் காற்று அதிரும் இடம் அதுதான்.

இடது கைக்கும் ஒரு பிரச்சினை உண்டு. வயலினின் திறந்த தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. ஜாஸ் பாட்டுகளோ ஊது வாத்தியங்களுக்கு வசதியான பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட்டில் இருக்கும். பி ஃபிளாட்டில் மூன்று திறந்த தந்திகள் உதவும், ஈ ஃபிளாட்டில் இரண்டு, ஏ ஃபிளாட்டில் ஜி ஒன்றுதான். கர்நாடக வயலினில் பாடகரின் சுருதிக்குத் தந்தியையே கூட்டிக் குறைத்துவிடுகிறோம், விரல் வைக்கும் இடம் மாறுவதில்லை. இங்கே பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும், பாட்டுக்கு உள்ளேயும் மாறும். பிரடையைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. திறந்த தந்தியை நம்பாமல் எல்லாவற்றையும் விரலால் மூடி வாசிக்கும் கை அமைப்பைப் பழகியே ஆக வேண்டும். ஆஸ்முஸனைக் கேட்கும்போது எந்தச் சுருதியிலும் ஒலியின் நிறம் மாறாமல் இருப்பதைக் கவனியுங்கள். 7 வயதில் தொடங்கிய வாத்தியார் பாடம் வீண்போகவில்லை என்பதற்குச் சான்று அங்கே இருக்கிறது.

சரி, கை தயாரானது. வாசிக்க இடம் வேண்டுமே? அன்றைய கோபன்ஹேகன் அதற்குத் தோதான ஊர். 1933 அக்டோபரில் அமெரிக்க ட்ரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் வந்தார். அவர் வாசித்ததை ஒரு டேனிஷ் சினிமாவுக்காகப் படமும் பிடித்தார்கள், 1934-இல் அது வெளிவந்தது. 1935-இல் சாக்ஸபோன்காரர் கோல்மன் ஹாகின்ஸ், 1938-இல் பியானோக்காரர் ஃபாட்ஸ் வாலர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆஸ்முஸன் உள்ளூரிலும் பயணக் கப்பல்களிலும் வாசித்தபோது வாலரோடும் பாடகி ஜோசஃபின் பேக்கரோடும் மேடையேறியவர். தட்டில் கேட்டதைப் பக்கத்தில் நின்று சரிபார்த்துக்கொள்ளும் வாய்ப்பு அது. வாலர் பியானோ வாசித்துக்கொண்டே பாடுவார், புருவத்தை உயர்த்துவார், நடுவில் கிண்டல் அடிப்பார். ஜாஸும் கூத்தும் அவரிடம் ஒன்றுதான். ஆஸ்முஸனின் பிற்காலத்தைப் பார்த்தால் அந்தப் பாடம் அவருக்குள் ஆழமாக இறங்கியது தெரிகிறது.

1940 ஏப்ரல் 9-இல் ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் வந்தது. அமெரிக்க இசைக்காரர்களின் வரவு நின்றுபோனது. விசித்திரம் என்னவென்றால், டேனிஷ் ஜாஸின் பொற்காலம் என்று டேனிஷ்காரர்கள் சொல்வதே இந்த ஐந்து ஆண்டுகளைத்தான். வெளியார் வராததால் உள்ளூர்க்காரர்களுக்கு மேடை முழுதாகக் கிடைத்தது. நாஜிகளுக்குப் பிடிக்காத இசை என்பதால் அதைக் கேட்பதே ஓர் எதிர்ப்பாக ஆனது. சாக்ஸபோன்காரர் வால்டெமார் ஐபெர்க், பியானோவும் வைப்ரபோனும் வாசித்த கெல் பான்ஃபில்ஸ் ஆகியோருடன் ஆஸ்முஸன் அப்போது வாசித்தார். அவருடைய 1935 முதல் 1950 வரையான பதிவுகளை ஸ்டோரிவில் என்ற இசைத்தட்டு நிறுவனம் பிற்காலத்தில் இரண்டு தொகுதிகளாகத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அதில் 1930-களின் வெனூட்டி சாயல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று அவர் குரல் வெளிவருவதைக் காதால் பின்தொடர முடியும்.

நடிகர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பாத்திரமேற்று நடித்த முழுநேர நடிகர் என்று எண்ணிவிட வேண்டாம். டென்மார்க்கில் 'ரெவ்யூ' என்றொரு மேடை வகை உண்டு: பாட்டு, நையாண்டி, குட்டிக் காட்சிகள், இசை எல்லாம் ஒரே இரவில். இசைக்காரர் அங்கே ஓரமாக உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போக முடியாது. வசனம் பேச வேண்டும், தொப்பி மாற்ற வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும். ஆஸ்முஸன் அதில் கைதேர்ந்தவர். சினிமாவிலும் அந்த வழியாகத்தான் தோன்றினார். வயலினை வைத்துக்கொண்டு இதைச் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பியானோக்காரர் வாசித்துக்கொண்டே பாடலாம், கிட்டார்காரரும் பாடலாம். வயலின்காரரின் தாடை வயலினில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வயலினை இறக்கினால் பாடலாம், ஏற்றினால் வாசிக்கலாம். ஆகவே ஒரு வரி பாட்டு, ஒரு வரி வயலின் பதில் என்று நிகழ்ச்சியே கேள்வி-பதிலாக அமையும். பாடும்போது வயலினைக் கிட்டார் மாதிரி மடக்கிப் பிடித்து விரலால் மீட்டுவது இன்னொரு வழி. சினிமாவில் வேறொரு தலைவலி: முன்பே பதிவான ஒலிக்கு வாயசைப்பது போல வில்லசைக்க வேண்டும். வில் மேலே போகிறதா கீழே போகிறதா என்பது ஒலியோடு பொருந்தாவிட்டால் வயலின் தெரிந்த எவரும் கொட்டாவி விடுவார்கள். பதிவின்போதே வில் திசையைக் குறித்து வைத்துக்கொள்வதுதான் வழி.

இந்தத் திறமையெல்லாம் ஒன்றுகூடிய இடம் 'ஸ்வீ-டேன்ஸ்'. 1950-களின் இறுதியில் ஸ்வீடன் பாடகி அலிஸ் பாப்ஸ், கிட்டார்காரர் உல்ரிக் நோய்மன், ஆஸ்முஸன் மூவரும் சேர்ந்து அமைத்த குழு. நோய்மனைத்தான் முறையாக நடிகர்-இசைக்காரர் என்று சொல்ல வேண்டும். பல டேனிஷ் படங்களில் நடித்தவர். முன்பு தன் அக்கா கெர்டாவோடு ஜோடியாகப் பாடிக்கொண்டிருந்தார். 1947 ஜனவரி 26-இல் கோபன்ஹேகனின் காஸ்ட்ரப் விமான நிலையத்தில் கே.எல்.எம். விமானம் கிளம்பிய உடனே விழுந்து நொறுங்கியதில் கெர்டா இறந்தார்.  

மூவர் குழு என்றால் வேலைப் பங்கீடு இறுக்கமாக இருக்க வேண்டும். கிட்டார் தாளத்தையும் கார்டையும் தாங்குகிறது. பாப்ஸின் குரல் சொல்லில்லாமல் ட்ரம்பெட் மாதிரி மேலே பறக்கிறது. வயலின் நடுவில் புகுந்து இரண்டாவது குரலாகிறது. மூவரும் பாடவும் செய்கிறார்கள். எதிர்பாராத இடத்தில் சட்டென்று நிறுத்துவது, ஒருவர் வரியை இன்னொருவர் பிடுங்கிக்கொள்வது எல்லாம் விளையாட்டுப் போல் தெரிந்தாலும் அரை அடி பிசகினால் சிரிப்பு வராது. ஸ்காண்டிநேவியா முழுவதும் கொண்டாடினார்கள், 1960-இல் அமெரிக்கா வரை போய்வந்தார்கள். சில வருடங்களில் குழு கலைந்தது.

ஜாஸை முகம் இறுக்கித்தான் கேட்க வேண்டும் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தக் கட்டம் உறுத்தல்தான். வேடிக்கை காட்டுகிறவர் என்ற முத்திரை அவர் மேல் விழுந்தது. பிரெஞ்சு ஜாஸ் வயலின்காரர் ஸ்டெஃபான் க்ரப்பெல்லி அளவுக்கு அவர் பெயர் வெளிநாட்டில் பரவாததற்கு இதையும், அவர் பெரும்பாலும் ஸ்காண்டிநேவியாவிலேயே இருந்துவிட்டதையும் காரணமாகச் சொல்வேன். ஆனால் சோறு போட்டது அந்த மேடைதான். ஐரோப்பாவில் ஜாஸ் மட்டும் வாசித்துக் குடும்பம் நடத்தியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அவரைச் சக கலைஞர்கள் எப்படி எடைபோட்டார்கள் என்பது தனிக் கதை. 1962-இல் மாடர்ன் ஜாஸ் க்வார்ட்டெட் என்ற அமெரிக்கக் குழுவின் பியானோக்காரர் ஜான் லூயிஸ் அவரோடு ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார். 1963 பிப்ரவரியில் பாரிசில் அமெரிக்க ஜாஸ் குழுத்தலைவர் ட்யூக் எலிங்டன் வயலின்களை மட்டும் முன்னிறுத்தி ஒரு பதிவு நடத்தினார்: க்ரப்பெல்லி, எலிங்டன் குழுவின் ரே நான்ஸ், ஆஸ்முஸன். அங்கே ஆஸ்முஸன் கையில் இருந்தது வயோலா. மூன்று வயலினும் ஒரே ஸ்தாயியில் முட்டிக்கொண்டால் யார் யாரென்று தெரியாது. வயோலா ஐந்து ஸ்வரம் கீழே, சி-ஜி-டி-ஏ என்று சேர்ப்பது, அடியில் இருந்து கூட்டத்தைத் தாங்கும். உடல் பெரியது, விரல் இடைவெளியும் பெரியது. வயலின் பழக்கத்தில் விரல் வைத்தால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு மயிரிழை இறங்கி நிற்கும். அதை அவர் அங்கே எப்படிச் சமாளிக்கிறார் என்று தேடிக் கேட்டாலும் தடம் கிடைக்காது. அந்தப் பதிவு 13 வருடம் அலமாரியில் தூங்கி 1976-இல்தான் வெளிவந்தது.

1966 செப்டம்பர் 30-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்தது 'வயலின் சம்மிட்'. நான்கு வயலின்காரர்கள் ஒரே மேடையில்: க்ரப்பெல்லிக்கு 58 வயது, ஸ்மித்துக்கு 57, ஆஸ்முஸனுக்கு 50, முந்தின நாள்தான் 24 முடிந்த ஜான்-லுக் பொன்ட்டி. பின்னணியில் பியானோ கென்னி ட்ரூ, பேஸ் நீல்ஸ்-ஹென்னிங் ஓர்ஸ்டெட் பீடர்சன், டிரம்ஸ் அலெக்ஸ் ரீல். மூவருமே கோபன்ஹேகன்வாசிகள். புதிதாகக் கேட்பவருக்கு நால்வரையும் பிரிக்க ஒரு குறிப்பு: நீண்ட வில்லில் பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு உச்சிக்குப் போனால் க்ரப்பெல்லி. கதவைத் தட்டுவது போல் வெட்டி வெட்டி, கரகரத்து வந்தால் ஸ்மித். சாக்ஸபோன்காரர்கள் வாசிக்கும் நீண்ட நெளிவான வரிகளை மூச்சு விடாமல் கொட்டினால் பொன்ட்டி. ஆஸ்முஸனைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் கஷ்டம். சுருதி மிகச் சுத்தம், ஒலி கதகதப்பு, ஸ்மித்தின் அடி கொஞ்சம் கலந்திருக்கும், வரி முடியும் இடத்தில் கண் சிமிட்டுவது போல் ஒரு குறும்பு. நால்வரில் அதிர்வு, அதாவது தந்தியில் விரலை ஆட்டி ஸ்வரத்தை நடுங்கச் செய்வது, மிகக் குறைவாகப் போடுகிறவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், அதுவும் ஒரு பயிற்சி. சாஸ்திரிய வயலினில் ஸ்வரம் தொடங்கும்போதே அதிர்வும் தொடங்கும். ஜாஸில் ஸ்வரத்தை நேராகப் பிடித்து, முடியும் தருவாயில் மட்டும் லேசாக ஆட்டுவது வழக்கம். முழுக்க ஆட்டினால் ஹோட்டலில் சாப்பாட்டு வேளைக்கு வாசிக்கும் இசையாகிவிடும்.

அதன்பின் ஹார்மோனிகாக்காரர் டூட்ஸ் டீலெமன்ஸ், வைப்ரபோன்காரர் லயனல் ஹாம்ப்டன், மாண்டலின்காரர் டேவிட் கிரிஸ்மன் என்று பலரோடு பதிவுகள் உண்டு. 90 வயதைத் தாண்டியும் மேடையில் வாசித்தார். 2017 பிப்ரவரி 7-இல், 101 ஆக மூன்று வாரம் இருக்கும்போது காலமானார். மகன் க்ளாஸ் ஆஸ்முஸன் டென்மார்க்கில் பெயர்பெற்ற 'ஷு-பி-டுவா' ராக் குழுவில் கிட்டார் வாசித்தவர்.

கேட்கத் தொடங்குகிறவருக்கு: ஆண்டு வரிசையில் போக வேண்டாம். முதலில் 1965-இல் க்ரப்பெல்லியோடு சேர்ந்து செய்த 'டூ ஆஃப் எ கைண்ட்', பதிவு தெளிவாக இருக்கும், வயலின்காரர்கள் இருவர் மட்டும் என்பதால் பிரித்தறிவது சுலபம். பிறகு வயலின் சம்மிட். காது பழகியதும் 1930-களின் தட்டுகளுக்குப் போங்கள். சரசரப்பைத் தாண்டிக் கேட்க அப்போதுதான் பொறுமை வரும்.

தமிழ்க் காதுகளுக்கென்று ஒரு பதிவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். 1978-இல் ஸ்டோரிவில் நிறுவனம் வெளியிட்ட 'கார்லண்ட்'. சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த கர்நாடக வயலின்காரர் எல். சுப்ரமணியமும் ஆஸ்முஸனும் சேர்ந்து வாசித்தது. ஒருவருக்கு 31, மற்றவருக்கு 62. இதைக் கேட்கும்போது வழுக்கல்களைக் கவனியுங்கள். சுப்ரமணியத்தின் விரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி முழுவதும் இசைதான், கமகம் அந்த வழியில்தான் வாழ்கிறது. ஆஸ்முஸன் வழுக்குவது ஸ்வரத்தைப் போய்ச் சேருவதற்காக, அரைச்சுரம் கீழிருந்து ஒரு தொடல், சேர்ந்ததும் நேராக நின்றுவிடுவார். ஒருவருக்கு ஆதாரசுருதி அசையாமல் நிற்க வேண்டும், இன்னொருவருக்குக் கார்ட் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த இழுபறியில் யார் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஹெட்போனில் இரண்டு முறை கேளுங்கள், முதல் முறை இடது கைக்கு, இரண்டாவது முறை வில்லுக்கு.